தங்கச்சி வேலையைச் சரிபார்த்தவள்

விமானப் படைத் தளத்தின் பக்கவாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். சீருடைதான் என் பிழைப்பு. யாருக்குப் பதவி உயர்வு வந்தது, யாருக்கு வரவில்லை, யார் வரும் வரும் என்று சொல்லியே தொப்பை போட்டார்கள் என்பதெல்லாம் அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். பட்டை தைக்க என்னிடம்தானே வர வேண்டும். சட்டைக் கையில் ஒரு பட்டை என்றால் வேலை கற்றுக்கொண்டவர். இரண்டு என்றால் தனியாக வேலை செய்யலாம். மூன்று என்றால் மற்றவர்களை வேலை வாங்கலாம். எத்தனையோ பேருக்குச் சிரித்த முகமாகப் பட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு சட்டைக்குத்தான் எனக்குக் கை ஓடவில்லை. அது என் கொழுந்தியாளுடையது. மூன்று பட்டை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் தைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் மனைவி. அவள் சட்டையில் அப்போது இரண்டுதான்.

"நேரா தைங்க," என்றாள். "கோணலாப் போச்சுன்னா மேடம் கோவிச்சுக்குவாங்க."

மேடம் என்று அவள் சொன்னது கூடப் பிறந்த தங்கச்சியை. நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையாவது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி போர் விமானத்தில் மின்சார வேலை பார்க்கிறவள். கல்யாணமான புதிதில், அது ஏதோ பல்பு மாட்டுகிற வேலை என்று நினைத்து, வீட்டில் ஃபேன் சுற்றவில்லை, கொஞ்சம் பார் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளே மனசு இரங்கி விளக்கினாள். ஒரு விமானத்துக்குள் இருக்கிற ஒயரையெல்லாம் உருவி நீட்டினால் இந்த ஊரைச் சுற்றி வந்து மிச்சம் இருக்குமாம். சக்கரம் இறங்கிவிட்டது என்று விமானிக்குச் சொல்வதும் ஒயர்தான், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதும் ஒயர்தான். அதில் ஒன்று பொய் சொன்னாலும் மேலே இருக்கிறவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கம் கிடையாது. சரி தாயே என்று நான் ஃபேனுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டேன்.

அவள் வந்தது கீழ்வாசல் வழியாக. பள்ளிக்கூடம் முடித்த கையோடு படையில் கடைசிப் படியில் சேர்ந்தாள். முதல் சில மாதம் நடக்கவும் நிற்கவும் மட்டும்தான் சொல்லித் தருவார்களாம். அதற்கப்புறம் தொழிற்பயிற்சிப் பள்ளி. அங்கேயும் உடனே மின்சாரத்தைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். ஒயரின் மேல்தோலை உரிக்க வேண்டும், உள்ளே இருக்கிற மெல்லிய இழைகளில் ஒரு கீறல் விழக் கூடாது. ஒரு இழை அறுந்தாலும் அந்தத் துண்டு குப்பைத் தொட்டிக்குப் போகும், மறுபடி முதலிலிருந்து. இவள் தூக்கத்தில்கூட விரலால் உரித்துக்கொண்டிருப்பாள் என்று அந்தக் காலத்தில் கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்களாம். படிப்பு முடிந்து இந்தத் தளத்துக்கு வந்ததும் போட்ட இடம் பாட்டரி ரூம். ரப்பர் அங்கி, ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்கைத் துளைக்கும் ஆசிட் வாடை. அப்படித்தான் எனக்கு அறிமுகமானாள். ஆசிட் தெறித்துக் கால்சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும், ஒட்டுப் போட என் கடைக்குக் கொண்டு வருவாள். நான் வேண்டுமென்றே ஒரு ஓட்டையை விட்டுவிட்டுத் தருவேன், மறுபடி வருவாள். இதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

பாட்டரி ரூமிலிருந்து விளக்குகளுக்கு வந்தாள். இறக்கை நுனி விளக்கு, தரை இறங்கும்போது எரிகிற விளக்கு. அங்கிருந்து ஜெனரேட்டர். கடைசியாகத்தான் ஒயர்க் கட்டுகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பரீட்சை, எழுத்தும் உண்டு, கைவேலையும் உண்டு. ஒரு தடவை ஜெனரேட்டரில் கோட்டை விட்டுவிட்டு, வீட்டில் வந்து சட்டி பானையை உருட்டினாள். மறுதடவை ஜெயித்தாள். இப்படி முட்டி மோதி இரண்டாவது பட்டை வாங்குவதற்குள் எங்களுக்குக் கல்யாணமாகி, நாங்கள் இரண்டு வீடு மாறியிருந்தோம்.

இளையவள் வந்தது வேறு வழி. அந்த வழியைக் காட்டியதே என் மனைவிதான், அதுதான் வேடிக்கை. தங்கச்சி பள்ளிக்கூடம் முடிக்கும்போது இவளே போய், என்னைப் போல நேராகச் சேர்ந்து தொலைக்காதே, மூன்று வருஷம் டிப்ளமோ படித்துவிட்டு வா, டிப்ளமோக்காரர்களுக்குப் பாட்டரி ரூம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே மேற்பார்வைப் பயிற்சி என்று சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றினாள். மனசாரத்தான் சொன்னாள். தங்கச்சி எங்கேயோ தூரத்துத் தளத்தில் நல்லபடியாக இருப்பாள், ஊரில் போய் நாம் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவளை இதே தளத்தில், விமானங்களைப் பழுது பார்க்கிற இதே ஹேங்கரில், இதே மின்சாரப் பிரிவில் கொண்டு வந்து போடுவார்கள் என்று யார் கண்டது? உத்தரவு வந்த அன்றைக்கு ஹேங்கர் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தாள். அந்த டீ சூடு ஆறுவதற்குள் வந்தது வினை.

முதல் நாள் காலை எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து, அன்றைய வேலையைப் பிரித்துச் சொன்னது தங்கச்சி. தலைமை டெக்னீஷியன் கொடுத்ததை அவள் வாசித்தாள், அவ்வளவுதான். அக்காவுக்கு அன்று வந்தது பாட்டரி ரூம். வழக்கமாக அங்கே இருக்கிறவருக்குக் காய்ச்சல், ஒரு நாள் மாற்று வேலை. ஆனால் அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததை என் மனைவியால் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கால்சட்டையில் ஒரு புது ஓட்டையோடு வந்திருந்தாள். ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

கொழுந்தியாள் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள், பின்னறையில். அதனால் பகலில் மேடம், சாயங்காலம் ஏய். பகலில் தங்கச்சி சொன்ன இடத்தில் அக்கா போய் நின்றாள். சாயங்காலம் அக்கா சொன்ன பாத்திரத்தைத் தங்கச்சி கழுவினாள். அன்று ஹேங்கரில் எத்தனை உத்தரவு கிடைத்ததோ அத்தனை பாத்திரம் சிங்க்கில் கிடக்கும். சுத்தமான பாத்திரத்தைக்கூட எடுத்துப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் கழுவி அடுக்குவாள். என்னைப் பார்த்து, மாமா, உங்க வீட்ல மூணு பேர் சாப்பிட இவ்ளோ பாத்திரமா என்று மட்டும் ஒரு நாள் கேட்டாள்.

பொறாமை என்று நான் சொன்னால் என் மனைவி சண்டைக்கு வருவாள். எனக்கென்ன பொறாமை, என் தங்கச்சி, நான் தூக்கி வளர்த்தவள் என்பாள். சொல்லிக்கொண்டே தங்கச்சி தட்டில் இருந்த முட்டையைப் பாதியாக வெட்டித் தன் தட்டுக்கு மாற்றிக்கொள்வாள். அவள் சிரித்தால் இவளுக்கு ஆகாது. அவள் முடி வெட்டிக்கொண்டு வந்தால், அந்தக் கடையில் போய் வெட்டினாயா என்று கேட்பாள். அவளுக்குப் போன் வந்தால் இவள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். ஒரு தடவை அவளுக்கு ஜலதோஷம் பிடித்து மூன்று நாள் படுத்திருந்தபோது, ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டவளும் இவள்தான். நாலாம் நாள் எழுந்து வேலைக்குப் போன தங்கச்சியை எல்லாரும் சூழ்ந்து நலம் விசாரித்தார்கள் என்பதற்காக உர்ரென்று வந்தவளும் இவள்தான். இதற்கெல்லாம் என்ன பெயர் வைப்பது? நான் பெயர் வைக்கவில்லை, வயிற்றெரிச்சலுக்கு நல்லது என்று மோர் கரைத்து வைத்தேன். குடித்துவிட்டு, எதுக்கு மோர் என்று முறைத்தாள்.

விமான வேலையில் ஒரு சட்டம் உண்டு. யார் வேலை செய்தாரோ அவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. வேறொருவர் வந்து தொட்டு, இழுத்து, விளக்கடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் நகரும். இளையவள் மேற்பார்வை பார்த்தாலும், பயிற்சிக் காலத்தில் தினம் தன் கையாலும் வேலை செய்தாக வேண்டும். அந்த வேலையைச் சரிபார்ப்பது யார்? இரண்டு பட்டை வாங்கிய யார் வேண்டுமானாலும் செய்யலாம். மற்றவர்களுக்கு அது தலைவலி. குனிந்து குனிந்து இடுப்பு ஒடியும், தப்பு சொன்னால் பகை. என் மனைவி தானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். தங்கச்சி வேலையை நான் பார்க்கிறேன் என்று. தலைமை டெக்னீஷியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அக்கா தங்கச்சி ஒற்றுமையைப் பாருங்கள் என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னாராம்.

ஒற்றுமையாவது ஒன்றாவது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். மற்றவர்கள் வேலையைச் சாதாரணமாகப் பார்க்கிறவள், தங்கச்சி வேலைக்கு மட்டும் கையில் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, மல்லாக்கப் படுத்துப் பார்ப்பாள். முதல் மாதம் அறுவடை பிரமாதம். ஒயரைக் கட்டுகிற பட்டையின் நுனியைத் தங்கச்சி கூராக வெட்டி விட்டிருந்தாள், கை கீறும். ஒயர்க் கட்டு ஒன்று இரும்புக் குழாய் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் ஹேங்கர் அதிரச் சொன்னாள். மேடம், இங்க ஒரசுது பாருங்க மேடம். அந்த மேடத்தில் பாட்டரி ரூமின் இரண்டு வருஷத்து ஆசிட் இருக்கும். தங்கச்சி காது சிவக்க வந்து பிரித்து மறுபடி கட்டுவாள். சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒருத்தி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைப்பாள், ஒருத்தி பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒரு தடவை விமானி உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார், கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. இவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஒயர்க் கட்டைத் தாங்கும் பிடிப்பு ஒன்று விரற்கடை தள்ளி இருக்கிறது என்றாள். விமானி மேலிருந்து எட்டிப் பார்க்கிறார், தங்கச்சி கெஞ்சுகிறாள், இவள் கல்லுப் பிள்ளையார். கடைசியில் விமானியை இறக்கிப் பிடிப்பை மாற்றித்தான் அனுப்பினார்கள். அன்றைக்கு ஹேங்கரில் பாதிப் பேர் இவளைக் கரித்துக் கொட்டினார்கள். ஆனால் பிடிப்பு தள்ளித்தான் இருந்தது. கெட்ட எண்ணத்தோடு கண்டுபிடித்த தப்பும் தப்புதானே, அதை யார் என்ன செய்ய முடியும்?

அப்புறம்தான் இவள் எதிர்பார்க்காதது நடந்தது. தப்பு குறைய ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. பிறகு வருஷக் கணக்கில் ஒன்றுமே இல்லை. இப்படி ஒருத்தி பார்க்கப் போகிறாள் என்று தெரிந்தால் யார்தான் ஒழுங்காக வேலை செய்ய மாட்டார்கள்? பயிற்சிக் காலம் முடிந்து, நான் மூன்று பட்டை தைத்துக் கொடுத்த பிறகும், தங்கச்சி தன் கைவேலைக்கு அக்காவையே சரிபார்க்கக் கேட்டாள். தளபதி வந்து பார்த்தபோது, இந்த ஹேங்கரிலேயே சுத்தமான வேலை இந்தப் பெண்ணுடையதுதான் என்று தலைமை டெக்னீஷியன் கைகாட்டினாராம். அன்று என் மனைவி சாப்பிடவில்லை.

"என் கண்ணால அவ பேர் வாங்குறா," என்றாள். "அடுப்பு நான், சோறு அவ."

அப்படியானால் பார்ப்பதை விட்டுவிடேன் என்றேன். விட முடியுமா? விட்டால் ஏதாவது ஒரு நாள் அவள் சறுக்கும்போது கூட இருந்து பார்க்க முடியாதே. அதற்காகவே நாலு வருஷம் குனிந்தாள். ஒரு தப்பு, உருப்படியாக ஒரே ஒரு தப்பு, எல்லாரும் பார்க்கிற மாதிரி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது புது ரக விமானம் வரப் போகிறது என்று செய்தி வந்தது. பழைய விமானத்தின் ஒயர் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். தூரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும். எங்கள் தளத்து மின்சாரப் பிரிவுக்கு ஒரே ஒரு இடம். போய் வருகிறவர்தான் திரும்பி வந்து மற்ற எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பார். அந்த விமானம் இங்கே இருக்கிற வரைக்கும் அதில் ஒரு ஒயரைத் தொட வேண்டும் என்றாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். இரண்டு பட்டை வாங்கியவர்களும் போட்டியிடலாம், ஆனால் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். என் மனைவிக்கு அந்த வருஷத்தோடு முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அவள் ஆயுசுக்கும் இன்னொருவர் சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறவள்தான். அதிலும் அந்த இன்னொருவர் யாராக இருக்கும் என்பது எங்கள் வீட்டுப் பின்னறை வரை தெரிந்த விஷயம்.

படித்தாள். என் வெட்டு மேசையில் துணியைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு வாரம் கால்சட்டைகளை நான் மடியில் வைத்து வெட்டினேன். தங்கச்சியும் மனு போட்டிருந்தாள். வீட்டில் இரண்டு பேரும் எதைப் படிக்கிறோம் என்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட வருவார்கள். இரண்டும் ஒரே புத்தகம். நான் நடுவில் உட்கார்ந்து உப்பை அங்கும் இங்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வயதிலும் முதல் வடிகட்டலிலும் கழன்றுபோய், கடைசியில் போட்டியில் நின்றது இவர்கள் இரண்டு பேர்தான்.

அன்று நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. கொழுந்தியாள் சொன்னாள், பிறகு தலைமை டெக்னீஷியன் இடுப்பைத் தளர்த்தித் தைக்க வந்தபோது அவரும் சொன்னார். காலையில் எழுத்துப் பரீட்சை. அதோடு வேலை பார்த்த வருஷங்களுக்கும் மார்க் உண்டு. மதியத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். என் மனைவி முன்னால் நின்றாள், கொஞ்சம்தான், ஆனால் முன்னால். சாயங்காலம் கைவேலை. அதில் இரண்டு பேரும் தேறிவிட்டால் காலை மார்க்கே முடிவு. அதாவது இவள் தப்பில்லாமல் செய்து முடித்தால் போதும், இடம் இவளுக்கு.

கைவேலை இதுதான். ஆளுக்கு ஒரு அறுந்த ஒயர்க் கட்டு. ஒவ்வொரு ஒயரின் முனையிலும் உலோக முள் வைத்து இறுக்கி, அதை ஒயர்களை இணைக்கிற கனெக்டரின் துளைக்குள் டிக்கென்று சத்தம் வருகிற வரை செருக வேண்டும். சத்தம் வந்தால் உள்ளே பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். பூட்டிக்கொள்ளாத ஒயர் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், விமானம் குலுங்கும்போது பின்வாங்கும். முடித்ததும் இடம் மாறி, ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஒரு ஒயர் பூட்டாமல் இருப்பதைச் சரிபார்க்கிறவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், செய்தவர் தோல்வி. அக்கா தங்கச்சி என்பதால் ஆட்சேபணை உண்டா என்று தலைமை டெக்னீஷியன் கேட்டார். இரண்டு பேரும் இல்லை என்றார்கள்.

"இழுத்துப் பாக்கலாம், தள்ளக் கூடாது," என்று அவர் ஞாபகப்படுத்தினார். ஹேங்கரில் பொடிசு முதல் எல்லாருக்கும் தெரிந்த விதி. சரிபார்க்கிறவர் குறையைக் கண்டால் கையை எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டும், செய்தவர்தான் வந்து திருத்த வேண்டும். சரிபார்க்கிறவரே திருத்திவிட்டால் அந்த வேலை அவருடையதாகிவிடும், அதைப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விடும். தள்ளியவர் அந்த வேலையிலிருந்து வெளியே.

இளையவள் அக்காவின் கட்டில் ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தாள், எல்லாம் கெட்டி. தலைமை டெக்னீஷியன் அவள் பக்கத்தில் நின்றிருந்தார். மேசையின் இந்தப் பக்கத்தில் என் மனைவி தங்கச்சியின் கட்டை எடுத்துக்கொண்டாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, எல்லாம் நின்றன. மூன்றாவது வரிசையில் ஒரு வெள்ளை ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். வந்தது. நகக்கண் அளவு பின்னால் வந்தது.

நாலு வருஷமாக மல்லாக்கப் படுத்துத் தேடிய ஒயர் அது. சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தங்கச்சி அன்றைக்கு எல்லார் முன்னாலும் தோற்றிருப்பாள், இடம் இவளுக்கு. அதற்குப் பதிலாக இவள் கட்டை விரல் போய் அந்த ஒயரை உள்ளே தள்ளியது. டிக்கென்றது.

யாரும் பார்க்கவில்லை. இதைத் தலைமை டெக்னீஷியனே என் கடையில் நின்று மூன்று தடவை சொன்னார். அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் பேசாமல் மிச்ச ஒயர்களையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால், இரண்டு பேரும் தேறியிருப்பார்கள், காலை மார்க்கில் இவள்தான் போயிருப்பாள். இதெல்லாம் இவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் அந்தக் கட்டைப் பிடித்தபடி நின்றாளாம். அப்புறம் கட்டைக் கீழே வைத்தாள்.

"சார், மூணாவது வரிசைல வெள்ளை ஒயர் வெளிய வந்துச்சு. நான் உள்ள தள்ளிட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "தள்ளிட்டியா? ஏம்மா தள்ளின?"

"தெரியல சார்."

"இப்ப அதை செக் பண்ணது யாரு?"

"யாரும் இல்ல சார். அதனாலதான் சொல்றேன்."

அந்த இடத்திலேயே அவள் போட்டி முடிந்தது. இவள் சரிபார்த்ததே செல்லாது என்று ஆகிவிட்டதால், அந்த வெள்ளை ஒயரைக் கழற்றித் தங்கச்சியையே மறுபடி மாட்டச் சொல்லி, எல்லா ஒயரையும் அவரே இழுத்துப் பார்த்தார். எல்லாம் கெட்டியாக நின்றன. அது ஆடிக்கொண்டு இருந்ததா என்று தங்கச்சியைக் கேட்டார். நான் ஆடவில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் அக்கா ஆடியது என்றால் ஆடித்தான் இருக்கும் என்றாள் அவள். விதிப்படி சரிபார்த்தவர் சொன்னால்தான் கணக்கு, இங்கே சரிபார்த்தவர் என்று யாரும் இல்லை, நான் பார்த்தபோது நின்றது, அதைத்தான் நான் சொல்ல முடியும் என்று அவர் முடித்துவிட்டார். இடம் இளையவளுக்கு.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்த மனிதரின் இடுப்பைக் கொஞ்சம் இறுக்கமாகவே தைத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். என் மனைவி சீருடையைக்கூடக் கழற்றாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் மூன்று நாலு வெங்காயம் நறுக்கி ஆகியிருந்தது. தங்கச்சி அவள் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் போகலைக்கா, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன், எனக்கு வயது இருக்கிறது, அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எழுதிக் கொடுத்தால் அந்த இடம் வேறு தளத்துக்குப் போய்விடும், உங்க அக்காவுக்கு வராது என்று நான் வாசலில் நின்றே சொன்னேன். போனால் போகட்டும் மாமா என்றாள். அப்போதுதான் என் மனைவி கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ போனா எனக்கு வயிறு எரியும்டி. போகலைன்னா அதைவிட எரியும். பெரிய மனுஷி மாதிரி விட்டுக் குடுத்துட்டு, அந்தப் பேரையும் நீயே வாங்கிக்கப் போறியா? அது ஒண்ணுதான் இன்னும் வாங்காம இருந்தே."

"நான் அதுக்காகச் சொல்லலைக்கா."

"தெரியும். அதான் இன்னும் எரியுது."

தங்கச்சி அழுதுவிட்டாள். நாலு வருஷமாக நீ எதற்காக என் வேலையைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாதா, ஒவ்வொரு ஒயரைச் செருகும்போதும் உன் விரல் வந்து இழுக்கும் என்று பயந்துதான் செருகினேன், இன்றைக்கு உன்னோடு போட்டி என்ற பதற்றத்தில் கை நடுங்கிவிட்டது என்றாள். அப்படியானால் போய் அங்கே கை நடுங்காமல் படி என்றாள் இவள். வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு, தங்கச்சிக்குத் தட்டு வைத்தாள். முட்டையை முழுசாக வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று பாத்திரம் நான்தான் கழுவினேன்.

அடுத்த மாதம் கொழுந்தியாள் கிளம்பினாள். பஸ் நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம். ஹேங்கரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள், சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. என் மனைவி பெட்டியை ஏற்றினாள், தண்ணீர் பாட்டில் கொடுத்தாள், ஜன்னல் பக்கம் உட்காராதே, உனக்குத் தலை சுற்றும் என்றாள். தங்கச்சி ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியதும் எல்லாரும் கையை ஆட்டினார்கள். இவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பஸ் திரும்பி மறைந்த பிறகும் நகரவில்லை.

திரும்பி நடந்து வரும்போது, இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். நாலு வருஷமாக அந்த ஒரு தப்புக்குத்தானே காத்திருந்தாய், கையில் வந்து விழுந்ததே, எதற்குத் தள்ளினாய்? அவரிடம் தெரியவில்லை என்று சொன்னாயாம், என்னிடமாவது சொல்.

எப்போதும் போலச் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

"அது அவ வேலைங்கறதே மறந்துபோச்சுங்க," என்றாள். "ஒயர் ஆடுது, உள்ள தள்ளணும், அது மட்டும்தான் தோணுச்சு. டிக்குனு கேட்டதுக்கு அப்புறம்தான் அவ ஞாபகமே வந்துச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாலு வருஷத்துல ஒரே ஒரு நிமிஷம்தாங்க நான் பொறாமைப்படாம இருந்தேன். அதுலயே எல்லாம் போச்சு."